பெட்ரோல் மூடிக்கு எஸ்டிமேட்

"மூணு சாப்ட்வேர் பாத்துட்டேன் டீச்சரம்மா. மூணும் பொய் சொல்லுது. நான் எதை வாங்கறது?"

கேட்டவர் சென்னியப்பன். கரூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர். நசுங்கி வரும் வண்டியை நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்புவார்.

கேட்டது ரெஜினாவிடம். அதே தெருவில் காருக்குப் பெயிண்ட் கலந்து கொடுக்கும் கடை அவளுடையது. அவரைவிட இருபது வயது இளையவள். எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பாள். அதனால் தெருவே அவளை டீச்சர் என்றது.

ரெஜினா டப்பாவில் வெள்ளையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்வேர் எதுக்குண்ணா?"

"எஸ்டிமேட் போட."

"இத்தன வருசமா எதுல போட்டீங்க?"

"வாயிலதான்."

"வாய்க்கு என்ன ஆச்சு?"

சென்னியப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார். கதை நீளம் என்று அர்த்தம்.

நீளமொன்றும் இல்லை. ஒரு பள்ளிக்கூடம். அதன் வேன் எல்லாம் சென்னியப்பன் பட்டறைக்குத்தான் வரும். போன மாதம் இரண்டு வேன் ஒரே கேட்டில், ஒரே பக்கம் உரசி நசுங்கின. ஒன்றை டிரைவர் கொண்டுவந்தார். இன்னொன்றைக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தாளாளரே கொண்டுவந்தார். சென்னியப்பன் இரண்டுக்கும் எஸ்டிமேட் சொன்னார்.

ஒரே டொக்கு. இரண்டு ரேட்டு.

"தாளாளர் என்ன சொன்னாரு?"

"'ரேட்டு வண்டிக்கா, என் கண்ணாடிக்கா'ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. அதுதான் பயமா இருக்கு."

"அப்புறம்?"

"திங்கக்கிழமையிலிருந்து கம்ப்யூட்டர் எஸ்டிமேட் குடுத்தா வேன் இங்க வருமாம். இல்லாட்டி பைபாஸ்ல புதுசா வந்திருக்குதே, ஏசி போட்ட ஒர்க்‌ஷாப், அங்க போயிருமாம்."

வேன் போனால் பட்டறையில் பாதி நாள் வேலை இருக்காது. பெயிண்டர் குப்புராஜை நிறுத்த வேண்டியிருக்கும். குப்புராஜுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் தன் பேருக்குக் கீழே பட்டறை பேரையும் அடித்துவிட்டான்.

"பொய் சொல்லுதுன்னீங்களே. என்ன பொய்?"

"டெமோவுக்குன்னு அந்த ரெண்டு வேனையும் போட்டுப் பாத்தேன். முதல் சாப்ட்வேர் ரெண்டுக்கும் வேற வேற ரேட்டு சொல்லுது. ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவதும் அப்படித்தான். ஒண்ணு சொன்னதை இன்னொண்ணு சொல்லல. மிஷினுக்குமா கண்ணு தெரியாது?"

"எத்தன மணி நேர வேலைன்னு யார் போட்டது?"

"அதை நாமதான் போடணும். கட்டம் இருக்குதே."

"ம்" என்றாள் ரெஜினா.

அவள் கடைச் சுவரில் வரிசையாகப் பெட்ரோல் மூடிகள் தொங்கும். கலர் பார்க்க யாரும் முழு வண்டியைக் கொண்டுவருவதில்லை. பெட்ரோல் வாயை மூடியிருக்கும் அந்தச் சின்னத் தகட்டைக் கழற்றிக் கொண்டுவருவார்கள். அதை வைத்துக் கலந்து கொடுப்பாள்.

அதில் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள். நல்ல சிவப்பு. ஓரத்தில் ஒரு டொக்கு.

"இதுக்கு எஸ்டிமேட் போடுங்கண்ணா."

சென்னியப்பன் மூடியைத் திருப்பிப் பார்த்தார். விரல் மடக்கித் தட்டினார். காதோரம் வைத்தும் தட்டினார்.

"யாரு வண்டி?"

"மூடிண்ணா அது."

"மூடி யாருதுன்னுதான் கேக்கறேன்."

ரெஜினா டப்பாவைக் கலக்கினாள்.

"டாக்டர் வண்டியா?"

கலக்கினாள்.

"வாடகை வண்டியா? வாடகை வண்டின்னா சொல்லிருங்க. பாவம், அதுக்கு ஒரு மாதிரி பாக்கணும்."

"டாக்டருக்கு?"

"அவருக்கென்ன."

கலக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: "கொண்டு போங்க. எஸ்டிமேட் போட்டுட்டு வாங்க. எந்த சாப்ட்வேர்னு அப்ப சொல்றேன்."

சென்னியப்பன் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். டீக்கடையில் கேட்டார். டயர் கடையில் கேட்டார். மெக்கானிக் ஒருத்தரை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவைத்துக் கேட்டார்.

"இந்த மூடி யாருது தெரியுதுங்களா?"

யாருக்கும் தெரியவில்லை.

குப்புராஜ், "போலீஸ்ல குடுத்துருங்க முதலாளி, அவங்க கண்டுபிடிச்சுருவாங்க" என்றான்.

"கல்யாண மாப்பிள்ளைக்கு வாய் ஜாஸ்தியாயிருச்சு" என்றார் சென்னியப்பன்.

பட்டறைக்குப் பின்னால், வேப்பமரத்துப் பக்கம், அவருடைய சொந்தக் கார் நின்றது. ஒரு காலத்தில் அதற்கும் நிறம் இருந்தது. வெயிலில் நின்று நின்று ரோஸ் கலருக்குப் போய்விட்டது. பெட்ரோல் வாயில் பிளாஸ்டிக் தாளைச் செருகி டேப் ஒட்டியிருந்தார். சரி பண்ணலாம், பண்ணலாம் என்றே நாள் போய்விட்டது. அடுத்தவன் வண்டி முடிந்தால்தானே.

அதன் பானெட் மேல் மூடியை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

யாருதாக இருக்கும்?

மறுநாள் மூடியோடு திரும்ப வந்தார்.

"ஊரையே கேட்டுட்டேன் டீச்சரம்மா. ஆள் தெரியல."

"எஸ்டிமேட்?"

"ஆள் தெரியாம எப்படிப் போடறது?"

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "போனைக் குடுங்க. அந்த மூணையும் காட்டுங்க."

முதல் சாப்ட்வேரைத் திறந்தார். முதல் கட்டத்தில் கஸ்டமர் பேர் கேட்டது. இரண்டாவதும் அதையேதான் கேட்டது. மூன்றாவது பேரைக் கேட்டு, பிறந்த நாளையும் கேட்டது.

"வாழ்த்து அனுப்புமாம்" என்றார் சென்னியப்பன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

பேர் இருக்க வேண்டிய இடத்தில் ரெஜினா "மூடி" என்று அடித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பப் போடுங்க."

சென்னியப்பன் போனைப் பார்த்தார். அதில் மூடி என்று இருந்தது. கையைப் பார்த்தார். கையிலும் மூடிதான் இருந்தது. டாக்டர் இல்லை. வாடகை வண்டிக்காரர் இல்லை. கூலிங் கிளாஸ் இல்லை.

வேறு வழியில்லாமல் டொக்கைப் பார்த்தார்.

மெல்லத் தடவினார். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்த்தார். நிமிர்த்த எவ்வளவு நேரம், பட்டி காய எவ்வளவு, பெயிண்ட் எவ்வளவு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே கட்டங்களை நிரப்பினார்.

ரேட்டு வந்தது.

இரண்டாவதில் போட்டார். மூன்றாவதில் போட்டார்.

"அட, மூணும் ஒண்ணையே சொல்லுது. நேத்து பொய் சொல்லுச்சே. இன்னைக்கு யாரு புத்தி சொன்னது?"

ரெஜினா தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

"சரி, இப்பவாவது சொல்லுங்க டீச்சரம்மா. இது யாரு வண்டி?"

"உங்க வண்டிண்ணா."

"என்னது?"

"நாலஞ்சு வருசம் முன்னால கலர் பாக்கணும்னு குடுத்துட்டுப் போனீங்க. உள்ள தொங்குனதால வெயில் படல. வெளுக்கல."

சென்னியப்பன் மூடியைப் பார்த்தார். தன் நெற்றியில் மெல்ல அடித்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"நம்ம வண்டியா. அப்படின்னா இவ்வளவு எதுக்கு..."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். அவர் விரல் மணி நேரக் கட்டத்துக்குப் போனது.

பாதி வழியில் நின்றது.

ரெஜினா டப்பாவுக்குத் திரும்பினாள்.

சென்னியப்பன் விரலை மடக்கிக்கொண்டார். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"எந்த சாப்ட்வேர்னு கேக்கலீங்களாண்ணா?"

அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்தின் இன்னொரு வேன் வந்தது. அதே கேட். அதே பக்கம். தாளாளரே ஓட்டிவந்தார். இறங்கிக் கூலிங் கிளாஸைச் சரி பண்ணிக்கொண்டார்.

குப்புராஜ் பெயிண்ட் துப்பாக்கியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

சென்னியப்பன் வேன் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரல் மடக்கித் தகட்டைத் தட்டினார்.

தாளாளர் அவர் தலைக்கு மேலே வந்து நின்றார்.

"என்னங்க சென்னியப்பன், சாப்ட்வேர் வாங்கியாச்சுங்களா? எது வாங்குனீங்க?"

சென்னியப்பன் தலை நிமிரவில்லை.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் டொக்கு மேல விழுது."