வாழை கொல்லைக்கு வந்த கதை

மரங்களுக்குப் பேச வாயும் நடக்கக் காலும் இருந்த அந்தக் காலத்தில், வாழை ஆற்றங்கரையில் குடியிருந்தது. எந்த மரமும் நினைத்த இடத்துக்குப் போகலாம், வரலாம். கால்விரலை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் மட்டும் பிறகு பிடுங்க முடியாது. அதனால் அவசரப்பட்டு யாரும் விரலைப் புதைப்பதில்லை.

குடிப்பதில் வாழையை மிஞ்ச ஆளில்லை. விடிந்தால் குடிக்கும், வெயில் ஏறினால் குடிக்கும், பொழுது சாய்ந்தால் தொண்டை காய்கிறது என்று மறுபடியும் குடிக்கும். அப்படிப்பட்ட வாழை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடையில் ஆறு வற்றிப்போனது.

தன் தாகம் என்றால் பொறுத்திருக்கும். ஆனால் கைக்குழந்தையாக ஒரு கன்று இருந்தது. அதன் குருத்து சுருண்டு நுனி கருகியதும் வாழையால் பொறுக்க முடியவில்லை. கன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தது.

முதல் வீடு மூக்காயி வீடு. ஊற்றுத் தோண்டி எடுத்த ஒற்றைக் குடம் தண்ணீரை அப்போதுதான் சுமந்து வந்து இறக்கியிருந்தாள்.

"ஆத்தா, புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்து," என்றது வாழை.

"இந்த ஒரு குடந்தான் தாயி, வீட்டுக்கே. உனக்கு ஊத்துனா எம்புள்ளைக நாக்கு வறண்டு கெடக்கும். கோவிச்சுக்காத," என்றாள் மூக்காயி. அவள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. கண் கலங்கித்தான் சொன்னாள்.

வாழை திரும்பிப் போகவில்லை. வேலியோரம் நின்று பார்த்தது. மூக்காயி அரிசி களைந்த தண்ணீரை வாசலில் வீசினாள். குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர் வீட்டின் பக்கவாட்டில் ஓடியது. சாம்பல் போட்டுத் தேய்த்த பாத்திரங்களைக் கொல்லையில் கழுவி ஊற்றினாள். மூன்று இடத்துத் தண்ணீரையும் வெயில் ஒரே நக்காக நக்கிவிட்டது. வாழை மறுபடியும் மூக்காயியிடம் போனது.

"ஆத்தா, குடத்துத் தண்ணி வேணாம். கீழ ஊத்துறியே, அதை எனக்கு ஒரே எடத்துல ஊத்து. போதும்."

மூக்காயி பதறினாள். "வாசல் தேடி வந்தவளுக்குக் கழுவுன தண்ணியக் குடுத்தேன்னா ஊரு என்னையக் காறித் துப்பும்."

"ஊருக்கா புள்ளை சாகுது? எனக்குல்ல சாகுது."

தெருமுனையில் நின்ற பனைக்கு இது வேடிக்கையாகிவிட்டது. "ஆத்துத் தண்ணி குடிச்ச மகராசி, அழுக்குத் தண்ணி குடிக்கப் போறாளாம்," என்று ஓலையைச் சலசலத்துச் சிரித்தது.

"நீ பாதாளத்துல வாய வச்சுக் குடிக்கிறவ, பேசுவ," என்றது வாழை.

பேச்சை அதோடு நிறுத்திவிட்டுக் கொல்லைக்குப் போனது. பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் கன்றை இறக்கியது. தன் கால்விரல் அத்தனையையும் மண்ணுக்குள் அழுத்திப் புதைத்தது. இனி நகர வழியில்லை. மூக்காயி ஊற்றினால் பிழைப்பு, இல்லையென்றால் தாயும் பிள்ளையும் அங்கேயே சருகு.

மூக்காயி தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்ன காரியம்டி பண்ணிட்ட? ஊத்த எனக்கு மனசுதான். ஆனா ஏனம், தட்டு கழுவவே அரைக் குடம் போயிருது. நாளைக்கு ஊத்து சுரக்கலேன்னா ஒரு புள்ளையவும் குளிப்பாட்ட மாட்டேன். அப்புறம் உனக்கு எங்கயிருந்து வரும்?"

"அப்ப தட்டைக் கழுவாத. என் இலையில சோத்தைப் போடு. தின்னுட்டு இலையை மாட்டுக்குப் போட்டுரு. மிச்சமாகுற தண்ணியில குடிக்கிறதைக் குடி, குளிக்கிறதைக் குளி. குளிச்ச தண்ணி எனக்கு."

"நீயே காஞ்சுபோய் நிக்கிற. இலைய வேற அறுக்கச் சொல்றியா?"

"மூணு இலைதான் பச்சையா இருக்கு. மூணையும் அறு. நீ ஊத்துனா நாலாவது வரும்."

மூக்காயி அறுத்தாள். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் இலையில் சாப்பிட்டார்கள். சாயங்காலம் எட்டிப் பார்த்தால், குடத்தில் இன்னும் தண்ணீர் இருந்தது. அவளுக்கு நம்பவே முடியவில்லை. உடனே குளிக்கிற கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து வாழை பக்கத்தில் போட்டாள். அரிசி களைந்ததையும் அங்கேயே ஊற்றினாள். மண்வெட்டியால் ஒரு வாய்க்காலும் இழுத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் கன்றின் குருத்து விரிந்தது. சாம்பல் தண்ணீரையும் கழுநீரையும் குடித்து, ஆற்றங்கரையில் பிறந்த கன்றுகளுக்கு இல்லாத தடிமனில் வளர்ந்தது. பனை அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்று தொடங்கித்தான், வீட்டுத் தண்ணீரெல்லாம் வந்து சேரும் கொல்லையில், கன்றுகளைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு வாழை நிற்கிறது; விருந்தாளி வந்தால் நாமும் தட்டைத் தேடாமல் அதனிடம் போய் இலை அறுக்கிறோம்.