சிவப்புக் கோடு

ஒரு ஊரில், சந்தை முக்கில், ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. நின்ற இடத்திலேயே நின்று ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற பிழைப்பு. அந்தக் கோடையில் வீட்டுக்கு வீடு ஏசி வந்துவிட்டது. பாவம், அதன் வயிற்றில் எண்ணெய் கொதித்தது. "இப்படியே போனா ஒருநாள் வெடிச்சுத்தான் சாகப் போறேன்" என்று முனகிக்கொண்டே இருக்கும். யார் காதில் விழுகிறது?

ஒருநாள் அதன் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள்.

"அண்ணாச்சி, இனி கவலைய விடுங்க" என்றது பெட்டி. "நீங்க சுமக்குற லோடை நான் அப்பப்ப ஆபீசுக்குச் சொல்லிருவேன். நூறு சதவீதம்தான் கோடு, அதைத் தாண்டுனா அங்க திரையில சிவப்பு. உடனே ஆள் ஓடி வரும்."

"வந்து?"

"பக்கத்துல இன்னொருத்தரை நிறுத்தி, உங்க பாரத்துல பாதியை அவரு தலையில வைப்பாங்க."

டிரான்ஸ்பார்மருக்கு அழுகை வராத குறைதான். அடேயப்பா, தன் கஷ்டத்தைச் சொல்லவும் ஒரு ஜீவன் வந்துவிட்டதே!

அன்று மத்தியானமே லோடு நூற்றிருபது. பெட்டி கத்தியது. மறுநாளும் கத்தியது. சித்திரை போய் வைகாசி வந்தது, ஆள் வந்தபாடில்லை.

"சொன்னியா தம்பி?"

"தொண்டை கிழியச் சொல்லுதேன் அண்ணாச்சி."

ஒருவழியாக லைன்மேன் இசக்கிராஜ் பைக்கில் வந்து இறங்கினார். டிரான்ஸ்பார்மருக்குப் பாதி வலி அப்போதே போய்விட்டது. மனுசன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே பெட்டியைத் திறந்துகொண்டே போனில் பேசினார்.

"வந்துட்டேன் சார். ஆமா சார், திரை பூரா சிவப்பா கெடக்குன்னு மேலிடத்துல ஏசுதாகளாம்லா? புது டிரான்ஸ்பார்மர் கேட்டா எப்ப வருமோ, யாரு கண்டா. சிவப்புக் கோடு இனி எம்புட்டுல இருக்கட்டும்? நூத்தம்பதா? சரி சார்."

ரெண்டு பித்தானை அமுக்கினார், மூடினார், போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சொன்னதைச் செய்கிற ஆள்.

"என்னப்பா செஞ்சாரு?" என்றது டிரான்ஸ்பார்மர்.

பெட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணாச்சி, உங்களுக்கு உடம்பு சரியாயிட்டு!"

"எண்ணெய் இன்னும் கொதிக்குதே தம்பி."

"அது கொதிச்சா கொதிக்கட்டும் அண்ணாச்சி. திரையில நீங்க பச்சை."