பதினான்காம் எண்

பள்ளி ஆசிரியை பூங்காவனம் தன் ஆய்வேட்டைக் கையெழுத்துக்கு நீட்டினாள். வாங்கிக்கொண்ட பேராசிரியர் ஷபானா அவளைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் வழிகாட்டி வழிகாட்டிதானே? நாலு வருஷத்தில் அவர் எதிரே பூங்காவனம் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

வேறு ஊரிலிருந்தும் வேறு சமூகத்திலிருந்தும் வந்து சேரும் ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் மற்றவர்களுக்கு யாராக இருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. பதினான்கு பேரின் பேட்டிகள். பெயர் வெளியே தெரியக் கூடாதென்று ஆளுக்கொரு எண். மறுநாள் கடைசித் தேதி.

ஷபானா ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"டீச்சர், இந்தப் பதினாலாம் எண் யாரு?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொல்லிக்குடுத்தீங்க?"

"சொல்ல வேணாம். நான் படிக்கறேன். 'நான் ஜவ்வாது மலைக்காரி. இந்த ஸ்கூல்ல பதினோரு வருஷம். எல்லாரும் அன்பாத்தான் பேசுவாங்க. மலைத்தேன் கிடைக்குமான்னு கேப்பாங்க. வேற ஒண்ணும் கேட்டதில்ல.'"

பூங்காவனம் மேசையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான்தான் மேடம். நானே கேட்டேன், நானே பதில் சொன்னேன். அதுல ஒரு வரி பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? மத்தவங்க சொன்னா தரவு, நான் சொன்னா புலம்பலா?"

"இன்னொருத்தர் சொன்ன மாதிரி எண் போட்டிருக்கீங்களே. இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"எடுத்துட்டா நாலாவது அத்தியாயமே விழுந்துடும். நாலு வருஷம் மேடம்! ஸ்கூல் விட்டு பஸ் பிடிச்சு, நின்னுக்கிட்டே வந்து படிச்சது!" அவள் குரல் உடைந்தது. "என்னை யாராவது கேட்டிருந்தா அவங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேனா?"

ஷபானா பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, ஒரு பேட்டியின் தேதியைப் பார்த்தார்.

"ஆறாம் எண், மூணு இடத்துல. 'என் கதை கிடக்கட்டும் டீச்சர், உங்களுக்கு அங்க எப்படி?' மூணு தடவையும் நீங்க, 'அடுத்த கேள்விக்குப் போகலாம்.'"

"ஆய்வாளர் தன் கதையைப் பேசக் கூடாதுன்னு நீங்கதான்..."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

வராந்தாவில் யாரோ யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஷபானா பதினான்காம் எண்ணின் ஆறு பக்கங்களையும் உருவி, நான்காக மடித்து, அவள் கையில் வைத்தார்.

"ஆறாம் எண்ணோட பேரு எனக்கு வேணாம். வீடு தெரியுமில்ல?"

"தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

"இப்பவே போங்க. நோட்டு, பேனா எதுவும் எடுத்துக்காதீங்க."

"இப்பவா? நாளைக்குக் கடைசித் தேதி மேடம்!"

"தேதியை நான் கேட்டுத் தள்ளி வாங்கறேன். உங்களுக்கு எப்படின்னு அவங்க கேட்டு எட்டு மாசம் ஆச்சு டீச்சர்."