உத்தண்டிக்குக் கெண்டை பிடித்த கதை

மடையூருக்கு அந்தப் பேர் வந்தது குளத்து மடையால்தான். நீங்கள் வேறு எதையாவது நினைத்துச் சிரித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த ஊர் உத்தண்டிக்கு வயது முப்பத்தாறு. ஏழு வீட்டில் பெண் கேட்டான்; ஏழு வீட்டிலும் மோர் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எட்டாவதாக, பக்கத்து மதியூர்ச் சங்கரபாண்டியின் மகள் வடிவைப் பார்த்தான். பார்த்த நாள் முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மதியூர் என்றால் புத்திசாலிகளின் ஊர். அப்படித்தான் அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

சங்கரபாண்டி கறாராகப் பேசினார். “உங்க ஊர்க்காரனுக்குப் பொண்ணு குடுக்க எனக்கு யோசனையா இருக்கு. நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள கெண்டை பிடிக்கணும். பிடிச்சவனுக்குத்தான் என் மக. பேச்சு மாற மாட்டேன்.”

“எப்படிப் பிடிக்கணும் மாமா?”

“அடியில புழு போட்டா வராது. பொரியை மிதக்க விடணும். உன் நிழல் தண்ணியில விழக்கூடாது. அசையக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. மீனு மேல வந்து வாயைத் திறந்ததும் இழுத்திரணும். அவ்வளவுதான்.”

உத்தண்டி இதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கூட்டாளிகள் மூன்று பேரிடம் ஒப்பித்தான். மூத்தவர் பெத்தபெருமாள் அண்ணாச்சி. ஊரில் எந்தக் காரியம் கெட்டாலும் அதற்குத் தலைமை அவர்தான். மற்ற இருவர் மாசானமும் ஆவுடையப்பனும். உடனே சபை கூடியது.

“அண்ணாச்சி, பொரிக்கு நீச்சல் தெரியுமா?” என்றான் மாசானம்.

சபை திகைத்துப்போனது. இதைச் சங்கரபாண்டி சொல்லவே இல்லையே!

“பழக்கிப் பார்த்திருவோம்லே,” என்றார் அண்ணாச்சி.

அண்டாவில் தண்ணீர் நிரப்பி ஒரு மூட்டைப் பொரியைக் கொட்டினார்கள். சாயங்காலம் நன்றாகத்தான் மிதந்தது. விடிந்து பார்த்தால் மொத்தமும் கூழாகி அடியில் கிடந்தது. “அடப்பாவிகளா, ஓய்வு குடுக்காம நீந்தவிட்டுக் கொன்னுட்டோமே!” என்று ஆவுடையப்பன் மாரில் அடித்துக்கொண்டான். நால்வரும் முறைப்படி தலை முழுகினார்கள். பிறகு இரண்டாவது மூட்டையை வாழைமரத் தெப்பத்தில் ஏற்றி, கயிறு கட்டி, ஒரு பொரிகூட நனையாமல் குளத்தில் விட்டார்கள். பொரி மிதந்தது. சொன்னது சொன்னபடி!

அடுத்தது நிழல்.

“நிழல் விழுந்தா என்ன ஆகும் அண்ணாச்சி?”

“ஆழமான இடம்லே. விழுந்தா மூழ்கிரும். நிழல் இல்லாத மாப்பிள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

உத்தண்டி சட்டென்று கரையை விட்டு நாலடி பின்வாங்கினான். அவனை மடைக் கல்லில் குந்த வைத்து, மாசானம் தலைக்கு மேல் குடை பிடித்தான். தண்ணீரில் வட்டமாக ஒரு நிழல் விழுந்தது.

“அண்ணாச்சி, நிழல் விழுதே!”

“அது குடையோட நிழல். குடைக்கா கல்யாணம்?”

சபை ஏற்றுக்கொண்டது.

உத்தண்டி அசையவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவன் கையில் தூண்டிலும் இல்லை. சங்கரபாண்டி தூண்டிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால் யாரும் கொண்டுவரவில்லை.

வெயில் ஏறியது. தெப்பம் ஆடி ஆடிக் கல்லில் இடித்து, மூட்டையிலிருந்து நாலு பொரி சிந்தியது. அப்போது, சாமி சத்தியமாக, முழங்கை நீளத்துக்குக் கெண்டை ஒன்று உத்தண்டியின் காலடியில் மேலே வந்து ஆவென்று வாயைத் திறந்தது.

“இழு!” என்று கத்தினார் அண்ணாச்சி.

எதை இழுப்பது? மாசானம் குடையை இழுத்தான். ஆவுடையப்பன் தெப்பக் கயிற்றை இழுத்தான். அண்ணாச்சி மடியிலிருந்து பொடிமட்டையை எடுத்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இழுத்தார். அவர் போட்ட தும்மலில் கெண்டை அக்கரைக்கே போய்விட்டது.

உத்தண்டிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வடிவு போய்விட்டாள்! இனி ஒன்பதாவது வீட்டு மோர்தான். வாயைத் திறக்கக்கூடாது என்பதால் மூக்கால் அழுதான்.

சூரியன் உச்சிக்கு வந்த நேரம், காலையிலிருந்து குந்தியே இருந்ததில் அவன் வலது கால் சுண்டி இழுத்தது. பொறுக்க மாட்டாமல் அலறினான்: “ஐயோ! கெண்டை பிடிச்சிருச்சே!”

“பிடிச்சிருச்சா! எங்கலே?”

“கால்ல அண்ணாச்சி, கால்ல!”

“விட்டிராதே! அமுக்கிப் பிடி!”

ஈரச் சாக்கைக் காலில் சுற்றி, கெண்டை செத்துவிடாமல் வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டு, உத்தண்டியை மதியூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சங்கரபாண்டி சாக்கை அவிழ்த்தார். கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். மதியூர்க்காரர் அல்லவா, லேசில் ஏமாறுவாரா?

“கெண்டைதான். துடிக்குது, உயிரோட இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். நீ கெண்டையைப் பிடிச்சியா, கெண்டை உன்னைப் பிடிச்சுதா?”

“கெண்டைதான் பிடிச்சுது மாமா, உயிர் போகுது!”

“அப்பப் பொண்ணும் கெண்டைக்குத்தான். பிடிச்சவனுக்குன்னு சொன்னேன். பேச்சு மாற மாட்டேன்.”

உத்தண்டி இடிந்து போனான். கதவிடுக்கில் நின்ற வடிவு அவன் முகத்தைப் பார்த்தாள். “எனக்குச் சம்மதம்ப்பா. ஆனா காலு தனியா நடந்து வராது. கூட இருக்கிறவரும் சேர்ந்தே வரட்டும்,” என்றாள்.

தை மாதம் கல்யாணம். வலது காலுக்கு மாலை போட்டு மணையில் நீட்டி வைத்தார்கள். உத்தண்டிதான் மாப்பிள்ளைத் தோழன். காலுக்குக் கை இல்லை என்பது முகூர்த்த நேரத்தில்தான் தெரிந்தது. சபை அவசரமாகக் கூடி, தாலியைத் தோழனே கட்டலாம் என்று அனுமதி கொடுத்தது. வடிவும் அவனும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

இடது காலுக்குத்தான் இன்னும் பெண் அமையவில்லை. அண்ணாச்சி ஜாதகத்தோடு ஊர் ஊராக அலைகிறார். போன வாரம்கூட ஒரு வீட்டில் மோர் கொடுத்து அனுப்பினார்களாம்.