குடத்துக்குப் பின்னால் நடந்தவர்

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை நாடு ஒன்றில் ராஜாவாக இருப்பது அவ்வளவு லேசான காரியமாக இருக்கவில்லை. முடிசூட்டிக்கொண்டால் மட்டும் போதாது. எட்டு வருஷத்துக்கு ஒருமுறை குடம் சுமக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் நிறைந்த பெரிய வெண்கலக் குடத்தை ஒரு மூங்கில் தண்டின் நடுவில் தொங்கவிடுவார்கள். தண்டின் முன்முனை ராஜாவின் தோளில், பின்முனை துணையரசரின் தோளில். இருவரும் வெறுங்காலோடு படித்துறையிலிருந்து ஊர் மன்றம் வரை நடந்து வரவேண்டும். குடத்துக்குள் ஒரு கோடு கீறியிருக்கும். தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றால் ஊர்த்தலைவர்கள் இருவருக்கும் மாலை போட்டு, இன்னும் எட்டு வருஷம் ஆளச் சொல்வார்கள். கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் வேறு ராஜா பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

செங்கோடமாறன் என்கிற ராஜா இரண்டு முறை இப்படிச் சுமந்து ஜெயித்தவர். இரண்டு முறையும் பின்முனையைத் தாங்கியவர் துணையரசர் மருதவாணர். மூன்றாவது முறைக்குப் பத்தே நாள் இருக்கும்போது ராஜாவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. பின்னால் நடக்கிறவரை மாற்றினால் என்ன?

ஆசை தானாக வரவில்லை. அமைச்சர் மழவராயர் ஒரு மாதமாகக் காதோரம் ஊதி ஊதி வளர்த்தது அது. அன்று சபையிலேயே சொன்னார்.

"மன்னர் மன்னா! தாங்கள் சிங்கம்போல் முன்னே வருகிறீர்கள். பின்னால் மருதவாணர் நொண்டிக்கொண்டு வருகிறார். குடிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, தரையையே பார்க்கிறார். போதாததற்கு வழியெல்லாம் முணுமுணுப்பு."

"முணுமுணுப்பு உண்மைதான்" என்றார் ராஜா. "'மெதுவாக மன்னா, இடப்பக்கம் மன்னா' என்று என் பிடரியிலேயே சொல்லிக்கொண்டு வருவார். நான் என்ன குழந்தையா?"

"என் மருமகன் கச்சிராயன் இருக்கிறான். குதிரைப்படைத் தலைவன். அவன் சிரித்தால் ஒரு வீதியே திரும்பிப் பார்க்கும்!"

மருதவாணர் எழுந்தார். "மன்னருக்கு அதுதான் நல்லது என்றால் நான் விலகிக்கொள்கிறேன்." குரல் நடுங்கவில்லை. ஆனால் கை மட்டும் அங்கவஸ்திரத்தின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கையைப் பார்த்தவன் ஒருவன்தான். அரண்மனை விகடகவி நல்லகுட்டி. சந்தையில் குரங்குபோல் குட்டிக்கரணம் போட்டுப் பிழைத்தவனைச் சபைக்கு அழைத்து வந்தவரே மருதவாணர்தான். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மன்னா, குடம் சுமக்கத் தோள் போதாதா? பல்லும் பார்க்க வேண்டுமா?"

சபை சிரித்தது. மழவராயர் சிரிக்கவில்லை. "நல்லகுட்டிக்கு இவ்வளவு அக்கறை இருந்தால், மாற்று ஆளை அவனே கொண்டுவரட்டும், மன்னா. இந்த மூன்று குறைகளில் ஒன்றும் இல்லாதவனாக." அப்படி ஒருவன் தம் மருமகனைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். நண்பனின் கையாலேயே நண்பனை இறக்கிவிடலாம் அல்லவா?

ராஜாவுக்கு இது பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். நாளைக் காலை படித்துறையில் ஒத்திகை. ஒரு குறை இருந்தாலும், நல்லகுட்டி, நீ நாட்டை விட்டே போகலாம்."

நல்லகுட்டி மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. மனைவி ஆவுடை பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நொண்டுறாரா? யாரு, மருதவாணரண்ணனா?" கரண்டியைக் கீழே வைத்தாள். "முந்தாநாள்தான் அவங்க வீட்டுக்கு முருங்கைக்கீரைக்குப் போனேன். ஏணி வச்சு மரத்துல ஏறிட்டாரு மனுஷன். அண்ணி கீழ நின்னு கத்துறாங்க. இவரு இறங்கி விடுவிடுன்னு நடந்து போயி கூடையைக் கொண்டாந்து குடுக்கிறாரு. ஒரு காலும் நொண்டல. ராஜா பின்னால போறப்ப மட்டும் நொண்டுமா? அது என்னங்க காலு?"

நல்லகுட்டியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடி ஊர்வலத்தை மனசுக்குள் நடத்திப் பார்த்தான். முன்னால் ராஜா, பின்னால் துணையரசர். சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது.

"என்ன, ரசம் காரமா?"

"இல்ல ஆவுடை. ராஜா யானையிலேருந்து விழுந்து எத்தனை வருஷம் இருக்கும்?"

"பன்னெண்டு. அதான் கால் குணமாயிடுச்சுன்னு வைத்தியர் சொல்லிட்டாரே."

"வைத்தியர் சொன்னாரு. கால் சொல்லணும்ல?"

ஆவுடைக்குப் புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! இதை ராஜாகிட்ட யாருங்க சொல்றது?"

"யாரு சொன்னாலும் தலை தங்காது. ராஜாவேதான் ராஜாகிட்ட சொல்லிக்கணும்" என்று சொல்லிவிட்டு, நல்லகுட்டி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மறுநாள் காலை படித்துறையில் ஊரே கூடியிருந்தது. நல்லகுட்டி கச்சிராயனின் கையைப் பிடித்து அழைத்து வந்தான். மழவராயர் முகத்தில் தீபாவளி.

"தளபதியாரே, இது அரச கட்டளை. எக்காரணம் கொண்டும் நொண்டக் கூடாது, ஒரே அளவாய் நேராக நடக்க வேண்டும். தரையைப் பார்க்கவே கூடாது. வாயைத் திறக்கவும் கூடாது" என்றான் நல்லகுட்டி.

"அவ்வளவுதானா?" என்று சிரித்தான் கச்சிராயன். நல்ல பிள்ளை. கட்டளை என்றால் கட்டளைதான் அவனுக்கு.

குடத்தைத் தூக்கினார்கள். நாலாவது அடியிலேயே குடம் ஆட ஆரம்பித்தது. ராஜாவின் தோள் ஓர் அடிக்கு இறங்கியது, மறு அடிக்கு ஏறியது. பின்னால் தோள் பாறைபோல் அசையாமல் வந்தது.

"என்ன இது, ஊஞ்சல் ஆடுகிறதே!" என்றார் ராஜா.

கச்சிராயன் பதில் பேசவில்லை. குடிகளைப் பார்த்து அழகாகச் சிரித்தான். எதிரே படி ஒன்று உடைந்திருந்தது. ராஜா அதில் கால் வைக்கப் போனார். கச்சிராயன் அதையும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. ராஜா சறுக்க, தண்டு புரள, குடம் கவிழ்ந்தது. பாதித் தண்ணீர் ராஜாவின் தலையில், மீதி பக்கத்தில் நடந்த மழவராயரின் பட்டுத் தலைப்பாகையில். குடத்தோடு உருண்ட கச்சிராயன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பணிவு!

"நல்லகுட்டி!" ராஜா சொட்டச் சொட்ட எழுந்து, காய்ந்த கல்தளத்தில் விறுவிறுவென்று அவனை நோக்கி நடந்தார். "இதுதான் நீ கொண்டுவந்த ஆளா?"

"மூன்று குறையும் இல்லாதவரைக் கேட்டீர்கள், மன்னா. அப்படியே கொண்டுவந்தேன். இந்தத் தடத்துக்குச் சொந்தக்காரரைத்தான் நான் கொண்டுவரவில்லை."

ராஜா திரும்பிப் பார்த்தார். கல்லில் ஈரத் தடங்கள். இடது பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. வலது பாதத்தில் விரல்கள் மட்டும்தான், குதிகாலே இல்லை. முழுசு, பாதி, முழுசு, பாதி.

"யார் இது இப்படி நொண்டி நடந்தது?" என்றார் ராஜா.

தலைப்பாகையைப் பிழிந்துகொண்டிருந்த மழவராயர் முந்திக்கொண்டார். "வேறு யார் மன்னா, மருதவாணர்தான்! ஊருக்கே தெரிந்த நடை ஆயிற்றே!"

எல்லோரும் மருதவாணரைப் பார்த்தார்கள். அவர் மேல்படியில், காலில் செருப்போடு, ஒரு சொட்டு ஈரமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

ராஜாவின் கண்கள் அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. கடைசித் தடத்தில் அவருடைய காலே இருந்தது. தன் நடையைத் தானே பார்க்க யாரால் முடிகிறது?

ராஜா தலையைத் தூக்கினார். "மருதவாணரே, எத்தனை வருஷமாக?"

"பன்னிரண்டு, மன்னா."

"எனக்காகவா நொண்டினீர்?"

"குடத்துக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து அடி வைத்தால் சிந்துவதில்லை."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் தாங்கள் காலையே நினைத்துக்கொண்டு நடப்பீர்கள். வழியில் கல் இருக்கிறதா என்று பார்க்க நான் இருக்கிறேனே."

ராஜாவின் உதடு துடித்தது. அழப் போகிறார் என்றுதான் நல்லகுட்டி நினைத்தான். சிரித்துவிட்டார். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தாடியிலிருந்து தண்ணீர் தெறிக்கச் சிரித்தார். ஊரும் சேர்ந்துகொண்டது.

"இந்த முறை நீர் நேராகவே நடவும், மருதவாணரே. நான் எல்லோருக்கும் தெரியும்படியே நொண்டிக்கொள்கிறேன்."

"அது நடக்காது மன்னா. தங்களோடு நடக்கும்போது எனக்கும் அதுதான் நடை."

ராஜா ஈரக் கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மழவராயருக்கும் ஒரு வேலை கிடைத்தது. காலிக் குடத்தை அரண்மனை வரைக்கும் தலையில் வைத்துத் தூக்கி வந்தார்.

பத்தாம் நாள், தண்ணீர் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை நின்றது. மாலை போட்டுக்கொண்ட கையோடு ராஜா நல்லகுட்டியைக் கூப்பிட்டார். கொட்டிலிலேயே உசத்தியான கறவைப் பசு ஒன்றை மஞ்சள் பூசி நிறுத்தியிருந்தார்கள்.

"அந்த நடையை எப்படியடா கண்டுபிடித்தாய்?"

நல்லகுட்டி தலையைச் சொறிந்தான். "பொய் சொல்ல மாட்டேன் மன்னா. கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி."

ராஜா மறுபடியும் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியானால் பசு அவளுக்கு. கயிற்றை மட்டும் நீ பிடித்துக்கொண்டு போ. முன்னால் அது போகட்டும், அதன் நடைக்குத் தக்கபடி நீ போ!"