கெட்டிமேளப் பக்கம்

ரெஜினா குழந்தைகளுக்குப் படப் புத்தகம் செய்கிறவர். வயது முப்பத்தாறு. அவரிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்த சீடர் அம்மையப்பனுக்கு அறுபத்தொன்று. நாற்பது வருடம் கல்யாணங்களில் தவில் வாசித்தவர். வலது தோளைத் தூக்க முடியாமல் போனதும் தவிலை உறை போட்டுக் கட்டிவிட்டார். இந்த வயதில் பாடம் கேட்க வெட்கப்படாத மனிதர். கோபத்துக்கு மட்டும் இன்னும் இருபது வயதுதான்.

அவருடைய முதல் புத்தகம், மருதன் என்ற தவில்காரனின் கதை, அன்று மாலை அச்சுக்குப் போகவேண்டும்.

காலையில் மாதிரிப் பிரதியைப் புரட்டியவர் பத்தாம் பக்கத்தில் நின்றார். தாலி கட்டுகிற பக்கம். அதற்கு, ‘தகதிமி தகஜுணு’ என்று பன்னிரண்டு வரி எழுதியிருந்தார். வரிகளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. மிச்சமிருந்தது படம் மட்டும். மணவறையிலிருந்து ஒரு பெரியவர் ஆள்காட்டி விரலைத் தூக்குகிறார்.

“டீச்சர், என் பாட்டு எங்க?”

“தாளுக்கு அடியில இருக்கு.”

“இனிமே என்னால தவிலைத் தொட முடியாது. நான் வாசிக்கிற ஒரே இடம் அதுதாங்க. அது போனா என் பேரையும் எடுத்துடுங்க.”

“எடுத்துடலாம் ஐயா. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் வரைக்கும் வாங்க.”

பக்கத்துத் தெருப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு இரண்டு பிரிவு. முதல் பிரிவில் அவர் இஷ்டப்படி படிக்கச் சொன்னார் ரெஜினா. பத்தாம் பக்கம் வந்ததும் அம்மையப்பன் புத்தகத்தை மடியில் கவிழ்த்து, கண்ணை மூடி, பன்னிரண்டு வரியையும் மனப்பாடமாகச் சொன்னார். ஒரு பிசகு இல்லை. பிள்ளைகள் கைகட்டிக் கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா டீச்சர்?”

“பாத்தேன். அடுத்த பிரிவுல, ஒட்டினபடியே படிங்க.”

வேண்டாவெறுப்பாகப் படித்தார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார், பெண் தலை குனிந்தாள். பக்கத்தைத் திருப்பினார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி அந்த விரலைப் பார்த்தாள். “கெட்டிமேளம்!” என்று கத்தினாள்.

அவ்வளவுதான். பெஞ்சு, டிபன் டப்பா, சிலேட்டு, பக்கத்துப் பிள்ளையின் முதுகு, கைக்கு அகப்பட்டதெல்லாம் தவிலானது. ஒருவன் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து நாதஸ்வரம் ஊதினான். ஒருத்தி நோட்டைக் கிழித்து அட்சதை போட்டாள். வகுப்பு ஆசிரியை அதட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தானும் மேசையைத் தட்டினார். அம்மையப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை கல்யாணத்தில் இப்படி ஒரு மேளத்தை அவர் கேட்டதில்லை.

“இன்னொரு தடவை தாலி கட்டுங்க தாத்தா” என்றாள் அந்தச் சிறுமி.

ஆறு தடவை கட்டினார்கள்.

வெளியே வந்த பிறகும் அவர் விரல்கள் புத்தக அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தன.

“நாப்பது வருஷம் டீச்சர். யாராவது விரலைத் தூக்குவாங்களான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். தூக்கினா உயிரைக் கொடுத்து அடிப்பேன். இன்னிக்கு நான் அடிக்கவே இல்லையே. அப்ப இதுல நான் யாருங்க?”

“விரலைத் தூக்கினது நீங்கதானே ஐயா” என்றார் ரெஜினா.