கழுவாத கோப்பை

"ஜாஸிர் மனதில் என்ன வைத்திருக்கிறான்? அது மட்டும் தெரிந்தால் போதும் எனக்கு."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அமீர் முத்லக் கேட்டுவிட்டார்.

ஷேக் உவைஸ் திரும்பிப் பார்க்கவில்லை. இரும்புச் சட்டியில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணீர் கொண்டுவந்தாயா?" என்றார்.

கொண்டுவந்திருந்தார். ஷேக்கின் மடமான அந்தத் தைக்காவுக்கு யார் போனாலும் தன் தண்ணீரைத் தானே கொண்டுபோக வேண்டும். அமீரின் ஆள் ஒரு கேனை வாசலில் வைத்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பிப் போனான்.

தைக்காவில் தண்ணீர் இல்லாததற்குக் காரணம் மழை அல்ல.

இரண்டு சின்ன நாடுகள். நடுவில் ஓர் உப்பு வெளி. மேற்கே முத்லக்கின் ஆட்சி, கிழக்கே ஜாஸிரின் ஆட்சி. வெளியின் நடுவில் ஒரு மேடு, மேட்டின் மேல் இந்தத் தைக்கா. கீழே ஒரு கிணறு. நடுக்கிணறு என்பார்கள். அந்தப் பக்கத்திலேயே அதுபோலத் தித்திப்பான தண்ணீர் கிடையாது. இரு பக்கத்துப் பாட்டன்மாரும் அதற்கு வேலி போடவில்லை. பேரன்மார் துப்பாக்கி போட்டுவிட்டார்கள். போன வருஷத்திலிருந்து கிணற்றுப் பக்கம் ஒரு தலை தெரிந்தால் இரண்டு பக்கமிருந்தும் சுடுவார்கள்.

ஷேக் கிணற்றைப் பார்க்கலாம். குடிக்க முடியாது.

"உட்கார், முத்லக்."

அமீர் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். வாசலில் போய்க் கிழக்கே பார்த்தார். வந்து உட்கார்ந்தார். தஸ்பீஹ் மணி விரலுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அவர் எதையும் ஓதவில்லை.

பட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் இந்தப் பாயில் உட்கார்ந்து பாடம் கேட்டவர். உவைஸும் அவர் வயதுதான். ஆனாலும் ஷேக் ஷேக்தானே. ஊரெல்லாம் 'மாட்சிமை தங்கிய' என்று கூப்பிடுகிற மனிதரை இவர் ஒருவர்தான் பெயர் சொல்லி, நீ என்று பேசுவார்.

அமீர் கொட்ட ஆரம்பித்தார்.

தூதரைத் திருப்பி அனுப்பியாயிற்று. அவனும் அனுப்பிவிட்டான். எல்லையை மூடியாயிற்று. அவனும் மூடிவிட்டான். வடக்கே இருக்கும் பெரிய ராஜாவிடம் நியாயம் கேட்டால், அவர் இரண்டு பேரையும் தம்பி என்கிறார், இரண்டு பேருக்கும் பீரங்கி விற்கிறார். இதில் ரேடியோ வேறு. ஜாஸிரின் கவிஞன் ஒருவன் அமீரைப் பல் போன ஒட்டகம் என்று பாடிவிட்டான். அமீரின் கவிஞன் சும்மா இருப்பானா? ஜாஸிரின் மூக்கைப் பற்றி நாற்பது வரி.

"மூக்குப் பாட்டு நானும் கேட்டேன்," என்றார் ஷேக். "நன்றாகத்தான் இருந்தது."

அமீர் சிரிக்கவில்லை.

இந்த மாதம் ஜாஸிர் தண்ணீர் லாரி வாங்கியிருக்கிறானாம். வரிசையாக. தண்ணீர் லாரி எதற்கு வாங்குவார்கள்? பாலைவனத்தில் படை கிளம்பினால் முன்னால் போவது அதுதான். ஆகையால் அவன் கிளம்புவதற்கு முன் நாம் கிளம்ப வேண்டும் என்கிறார்கள் தளபதிகள். மகன் ராக்கான் மேற்கே இன்னொரு மேட்டில் படையோடு காத்திருக்கிறான். பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்குள் உத்தரவு கொடுத்தால் இன்றைக்கே கிணற்றைப் பிடித்துவிடலாம்.

"கொடுக்க வேண்டியதுதானே?"

"அவன் மனதில் இருப்பது தெரியாமல் எப்படிக் கொடுப்பது?"

ஷேக் வறுத்த கொட்டையை உரலில் போட்டு இடித்தார். அந்தச் சத்தம் கிண்கிண் என்று வெளியே போயிற்று. பாலைவனத்தில் அந்தச் சத்தத்துக்கு, யாரும் வரலாம் என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தை அமீர் சொல்லவில்லை. ஷேக்கிடம்கூட.

அவருடைய ஊர்க் கிணறுகள் உப்பாகிவிட்டன. ஒவ்வொன்றாக. அரண்மனைக் கிணறும் சேர்த்து. ஆடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றன. பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு. மருத்துவர்களை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார். ஜாஸிருக்குத் தெரிந்தால் தொலைந்தது. எல்லையை மூடி உட்கார்ந்துகொண்டு, தாகத்தாலேயே சாகட்டும் என்று விட்டுவிடுவான். நடுக்கிணறு இல்லாவிட்டால் அடுத்த கோடையில் முத்லக்குக்கு ஊரும் இல்லை, ஆட்சியும் இல்லை.

ஜாஸிர் வேறு யாருமில்லை, மச்சான். சமாதானத்துக்காக ஜாஸிரின் அக்காவைக் கட்டிக்கொண்டவர் முத்லக். அவள் போய்ச் சேர்ந்தாள். பின்னாலேயே சமாதானமும் போய்ச் சேர்ந்தது.

ஷேக் கேனைச் சாய்த்து, மூக்கு நீண்ட பித்தளைக் கெண்டியில் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார்.

அப்போதுதான் அமீருக்கு உறைத்தது. வடக்கிலிருந்து வாங்கும் நல்ல தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும். இந்த மடையன் அரண்மனைக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வந்திருக்கிறான்.

ஷேக் விரலைத் துடைத்துக்கொண்டார். கெண்டியை அடுப்பில் வைத்தார்.

கொதித்தது. ஏலக்காய் மணந்தது. காதில்லாத சின்னக் கோப்பையில் கால்வாசி ஊற்றி நீட்டினார்.

அமீர் வாங்கினார். குடிக்காமல் தனக்கு முன்னால் கீழே வைத்தார்.

அது அங்கத்திய வழக்கம். விருந்தாளிக்குக் கேட்க ஏதாவது இருந்தால் கோப்பையைக் கீழே வைத்துவிடுவான். கேட்டது கிடைத்த பிறகுதான் குடிப்பான். கோப்பை நிற்கும்வரை அவன் அந்த வீட்டு விருந்தாளி. எழுந்து ஊருக்கே போய்விட்டாலும் விருந்தாளிதான். அவன்மேல் கை வைப்பவன் வீட்டுக்காரன்மேல் கை வைத்தவன். வேண்டாம் என்று தோன்றினால் வீட்டுக்காரன் கோப்பையைக் கழுவிவிடுவான். அதோடு உறவு முடிந்தது.

"கேட்டாயிற்று," என்றார் அமீர். "பதில் சொல்லுங்கள், குடிக்கிறேன்."

ஷேக் அடுப்புக்கு விசிறினார்.

அமீரின் கண் பாயில் அலைந்தது. ஓரத்தில் இன்னொரு கோப்பை நின்றது.

"அது யாருடையது?"

"உனக்கு முன்னால் வந்தவனுடையது."

"ஏன் கழுவவில்லை?"

"அவன் இன்னும் குடிக்கவில்லையே."

"என்ன கேட்டான்?"

"முத்லக் மனதில் என்ன வைத்திருக்கிறான் என்று கேட்டான்."

அமீரின் விரலில் மணி நின்றது.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"எனக்கு எப்படித் தெரியும் என்றேன். திரும்ப வருகிறேன் என்று போனான்."

அமீர் கையை நீட்டி அந்தக் கோப்பையை எடுத்தார். காப்பி காய்ந்து அடியில் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, கோப்பையின் உட்சுவரில், சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம்.

நகத்தால் சுரண்டினார். நாக்கில் வைத்தார்.

தெரிந்த ருசி. தினமும் மூன்று வேளை அறிந்த ருசி.

"காப்பியில் உப்பா போடுகிறீர்கள்?"

"நான் கொட்டையும் ஏலமும் போடுகிறேன். தண்ணீர் வருகிறவன் கொண்டுவருவது."

அமீர் எழுந்தார். இந்த முறை உட்காரவில்லை.

தண்ணீர் லாரி! படைக்கு இல்லை, ஊருக்கு. அவன் கிணறும் போய்விட்டது. அவன் ஆடும் வாய் வைத்துவிட்டுத் திரும்புகிறது. மூக்கு வரைக்கும் தாகத்தில் இருக்கிறான். இத்தனை ஒற்றர்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தெரியாதது ஒரு கழுவாத கோப்பையில் தெரிந்துவிட்டது. இப்போது அடித்தால் தாங்க மாட்டான். இன்றைக்கே. மஃரிப் எதற்கு, இப்போதே.

இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார்.

"முத்லக்," என்றார் ஷேக்.

"என்ன?"

"உன் கோப்பையும் காயும்."

அமீர் கீழே பார்த்தார். அவருடைய கோப்பையில் ஆவி அடங்கிவிட்டது. ஊற்றிய அளவிலிருந்து காப்பி ஒரு மயிரளவு இறங்கியிருந்தது.

திரும்ப வருகிறேன் என்று போயிருக்கிறானே. வந்து இதைச் சுரண்டி நாக்கில் வைத்தால்?

அமீர் குனிந்தார். கோப்பையை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்தார். மேலங்கி ஓரத்தால் கோப்பையின் உள்ளே துடைத்தார்.

ஷேக் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடித்துவிட்டாய். அப்படியானால் கேட்டது கிடைத்துவிட்டது."

அமீரின் தொண்டையில் உப்பு நின்றது.

வயர்லெஸ் கரகரத்தது. மகன் குரல்.

"வாப்பா, கிழக்கேயிருந்து ஒரு ஜீப் வருகிறது. தைக்காவுக்குத்தான். பின்னால் படை எதுவும் இல்லை."

"யார்?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்தான்.

"மாமா."

அமீர் வாசலுக்குப் போனார். உப்பு வெளியில் ஒரு வெள்ளைப் புழுதி எழும்பி வந்துகொண்டிருந்தது.

"குறியில் இருக்கிறார் வாப்பா. மேடு ஏறிவிட்டால் கிடைக்க மாட்டார். சுடட்டுமா?"

ஒரு சொல். அவ்வளவுதான். ஜாஸிருக்கு மகன் இல்லை. அவர் போனால் அந்த நாட்டைக் கட்டி இழுக்க ஆள் இல்லை. கிணறு, உப்பு வெளி, ரேடியோ, மூக்கு, எல்லாம் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். தளபதிகளைக் கேட்டால் இதற்குமேல் ஒரு வாய்ப்பா என்பார்கள்.

பையன் எதிரி என்று சொல்லவில்லை. மாமா என்றான். அந்த மாமாவின் தோளில் உட்கார்ந்து காதைப் பிடித்துத் திருகிய பையன்.

"வாப்பா?"

பின்னால் அசைவு கேட்டது. அமீர் திரும்பினார்.

ஷேக் எழுந்திருந்தார். ஒரு கையில் அந்தக் காய்ந்த கோப்பை. இன்னொரு கையில் அமீரின் தண்ணீர் கேன். கோப்பைக்கு மேலே கேனைச் சாய்த்துப் பிடித்திருந்தார். கேனின் வாயில் தண்ணீர் வந்து நின்றது.

"இதைக் கழுவிவிடட்டுமா?" என்று கேட்டார்.

குரலில் ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவட்டுமா என்று கேட்கிறவர் குரல்தான்.

"வாப்பா, ஏறப்போகிறார்."

அமீரின் உதடு காய்ந்திருந்தது. நாக்கால் தடவினார். அங்கேயும் உப்பு.

"வேண்டாம்," என்றார்.

ஷேக் கேனை நிமிர்த்தினார். வயர்லெஸ்ஸில் மகன் மூச்சு விடுவது கேட்டது.

ஜாஸிர் உள்ளே வரும்போது தலை தட்டாமல் குனிந்தார். ஆள் இளைத்திருந்தார். மூக்கு மட்டும் பாட்டில் வந்தது போலவே இருந்தது. அவருடைய ஓட்டுநர் ஒரு கேனை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

முத்லக்கைப் பார்த்து நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், அமீர் அவர்களே."

"வ அலைக்கும் ஸலாம்."

கை கொடுக்கவில்லை. ஜாஸிரின் கண் முதலில் பாய்க்குத்தான் போயிற்று. அவருடைய கோப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கியின் ஓரம் தற்செயலாக விழுந்தது போலக் கோப்பையை மூடிக்கொண்டது.

அமீர் அதைப் பார்த்தார். தெரிந்த வேலைதான். சற்று முன்னால் தானும் செய்தது.

ஷேக் ஜாஸிரின் கேனைத் திறந்து கெண்டியில் ஊற்றினார். கெண்டி கொதிக்க ஆரம்பித்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று ஜாஸிர்தான் கேட்டார்.

"ராக்கான் நலமா?"

"நலம். அந்த மேற்கு மேட்டில் இருக்கிறான்."

"தெரியும். வெயிலில் துப்பாக்கிக் கண்ணாடி மின்னியது."

"பார்த்துமா வந்தாய்?"

"கோப்பை நிற்கிறதே," என்றார் ஜாஸிர்.

அமீர் மணியை எடுத்தார். ஒன்றிரண்டு உருட்டினார். கீழே வைத்தார்.

ஷேக் புதிதாக இரண்டு கோப்பையில் ஊற்றினார். ஜாஸிருக்கு ஒன்று, முத்லக்குக்கு ஒன்று.

ஜாஸிர் கீழே வைக்கவில்லை. வைத்தால் இன்னொன்றும் காயும். வாங்கியவுடன் குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"அருமையான காப்பி," என்றார்.

முத்லக் ஒரு வாய் குடித்தார்.

அதே ருசி. ஒரே கேனிலிருந்து இரண்டு முறை ஊற்றினாற்போல.

அருமை என்று சொல்ல அவருக்கு நாக்கு தயாராக இருந்தது. எத்தனை வருஷப் பழக்கம். எத்தனை மாநாடு, எத்தனை விருந்து. எந்த ராஜா எதைக் கொடுத்தாலும் அருமை என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறியபின் துப்புவதுதானே ஆட்சி.

கோப்பையை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"உப்புக் கரிக்கிறது," என்றார்.

ஜாஸிரின் கை அங்கி ஓரத்தை இறுக்கிப் பிடித்தது. வாசலை ஒரு தடவை பார்த்தார்.

வயர்லெஸ்ஸில் மகன் மெதுவாகக் கூப்பிட்டான். வாப்பா, உத்தரவு என்னவென்று கேட்டான். அமீர் எடுக்கவில்லை.

"எங்கள் வீட்டுக் காப்பியும் இப்படித்தான்," என்றார்.

சொன்னபின் அவருக்கு வேர்த்தது. கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்தார். துடைக்காமல் கீழே வைத்தார்.

ஷேக் அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

ஜாஸிர் அங்கியின் ஓரத்தை விலக்கினார். காய்ந்த கோப்பை வெளியே வந்தது.

"எப்போதிலிருந்து, மச்சான்?" என்று கேட்டார்.